சட்டைப்பையைத் துழாவும் அஞ்சலிகள்

காமராஜர் இறந்தபோது அவரிடம் என்ன இருந்தது என்று கேட்டால் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகூடப் பதில் சொல்லும். சில வேட்டிகள், சில சட்டைகள், நூற்றுச் சொச்சம் ரூபாய். சட்டை நான்கா பத்தா என்பது சொல்லும் ஆளைப் பொறுத்து மாறும். சொல்லும் தொனி மாறாது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரானவர் முதல் சில வாரங்களில் என்ன செய்தார் என்று அதே ஆளிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சு நின்றுவிடும். கக்கன் என்றால் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டு. ஜீவா என்றால் தாம்பரம் குடிசை. நல்லகண்ணு என்றால் திருப்பிக் கொடுத்த பணமுடிப்பு. அறத்தை முன்வைத்து நெடுங்காலம் வாழ்ந்த ஒருவரை நாம் திரும்பிப் பார்க்கும் முறை இதுவாகிவிட்டது. கடைசியில் கையில் என்ன மிஞ்சியது என்று பார்க்கிறோம். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் கண்கலங்குகிறோம். பிறகு இன்றைய அரசியல்வாதிகளை நாலு வார்த்தை வைதுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். இந்தப் பார்வை தவறு என்பதோடு, அது யாரைப் புகழ்வதாக நினைக்கிறதோ அவர்களுக்கே தீங்கு செய்கிறது என்பதுதான் என் வாதம்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையாகவே வலுவானது. அறம் மனத்துக்குள் இருப்பது, அதை வெளியிலிருந்து அளக்க வழியில்லை, பணத்தை அளக்கலாம். பேச்சில் எல்லோரும் உத்தமர்கள்தான். வார்டு உறுப்பினராகி ஐந்தாண்டு முடிவதற்குள் மாடிவீடும் மனைகளும் வந்துவிடும் ஊரில், பத்தாண்டு அமைச்சராக இருந்தவர் சொந்த வீடின்றி இருந்தார், ஒன்பதாண்டு முதலமைச்சராக இருந்தவர் வாடகை வீட்டில் இறந்தார் என்பது சின்ன விஷயமா? எடுக்க வாய்ப்பிருந்தும் எடுக்காதவர் என்பதற்கு அவருடைய வெறுங்கையைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? இளைஞர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை உண்டா? இப்படித்தான் கேட்கிறார்கள். நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள்.

1. வெறுங்கை எதற்குச் சாட்சி? ஒருவர் தமக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு. அதற்கு மேல் எதற்கும் இல்லை. தமக்காக எடுக்காதவர் கட்சிக்காக எடுத்திருக்கலாம். ஒப்பந்தக்காரர் எடுப்பதற்கு வழிவிட்டிருக்கலாம். பக்கத்து நாற்காலிக்காரர் அள்ளியதைப் பார்த்தும் பாராததுபோல் இருந்திருக்கலாம். கடமையைச் செய்யாமலேயே காலம் தள்ளியிருக்கலாம். லஞ்சம் வாங்காத சோம்பேறிகளை அரசு அலுவலகத்துக்குப் போய்வந்த எவரும் அறிவார்கள். இவற்றில் எதுவும் வங்கிக் கணக்கில் தெரியாது. மறுபக்கமும் இதே கதைதான். பரம்பரைச் சொத்தும் தொழில் வருமானமும் உள்ள ஒருவர் பொதுப் பணத்தில் ஒரு காசு தொடாமல் இருக்க முடியும். 1939 ஜூலை 8 அன்று கக்கன் உள்ளிட்டவர்களை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப்போன வைத்தியநாத ஐயர் பேர்பெற்ற வழக்கறிஞர், ஏழை அல்லர். அன்று அவரிடம் தேவைப்பட்டது வறுமையா? சொந்தச் சாதிக்காரர்களின் பகையைத் தாங்கும் நெஞ்சுறுதி. வறுமையை அளவுகோலாக வைத்தால் அந்த நாள் அதில் பதிவாகவே ஆகாது. தகுதியானவரை விட்டுவிட்டுத் தகுதியில்லாதவரை உள்ளே விடும் சோதனைக்கு என்ன மதிப்பு?

2. சட்டைகளை எண்ணுகிறவர்கள் தீர்மானங்களை எண்ணுவதில்லை. 1954இல் காமராஜர் பதவியேற்றதும் அவர் முன்னால் இருந்தது ராஜாஜி அரசு 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம். பிள்ளைகள் பாதிநாள் பள்ளியிலும் மீதிநாள் குடும்பத் தொழிலிலும் இருக்க வேண்டும் என்ற அந்தத் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்தவர்கள் வெளியே திரண்டிருந்தார்கள். கொண்டுவந்தவர் தம் கட்சியின் மிகப் பெரிய தலைவர்களில் ஒருவர். காமராஜர் அதைக் கைவிட்டார். தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்று தோற்ற சி. சுப்பிரமணியத்தை அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். கோயில்களைக் கவனிக்கும் இந்து சமய அறநிலையப் பொறுப்பை ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேஸ்வரனிடம் கொடுத்தார். மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நடந்து பதினைந்து ஆண்டுகூட முழுதாக ஆகாத நேரம் அது. 1956இல் மதிய உணவு தொடங்கியது. இவை ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பு இருந்தது, செலவு இருந்தது, வேறு மாதிரி முடிவெடுக்கவும் இடம் இருந்தது. ஒரு மனிதரின் அறம் தெரியும் இடம் அதுதான். பண ஆசை இயல்பிலேயே இல்லாத ஒருவருக்குப் பணத்தை விடுவது பெரிய தியாகமாக இராது. காமராஜருக்கு ஆசை இருந்த இடம் அதிகாரம். கட்சியைக் கையில் வைத்திருப்பதிலும் ஆட்களை அறிந்து நகர்த்துவதிலும் அவருக்கு இருந்த தேர்ச்சியை யாரும் மறுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர் 1963 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கினார். அது சரியான முடிவா, தமிழ்நாட்டில் காங்கிரஸ் சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமா என்று இன்றும் சண்டைபோடலாம். சண்டைபோட முடிவதால்தான் அந்த முடிவு நினைவுகூரத் தக்கது. நான்கு சட்டையோடு யார் என்ன வாதிட முடியும்?

கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணுவுக்கும் இதே கதிதான். கட்சி திரட்டிக் கொடுத்த ஒரு கோடி ரூபாயைக் கட்சிக்கே கொடுத்துவிட்டார், 2022இல் அரசு தகைசால் தமிழர் விருதோடு கொடுத்த பத்து லட்சத்தோடு தம் பங்காக 5,000 ரூபாய் சேர்த்து முதலமைச்சர் நிவாரண நிதிக்கே தந்துவிட்டார் என்பவை மேடைதோறும் ஒலிக்கின்றன. 2010இல், எண்பத்தைந்து வயதை நெருங்கியபோது, தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய்த் தாமே வாதாடி ஐந்தாண்டுத் தடை வாங்கியது மேடையில் அவ்வளவாக ஒலிப்பதில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். திருப்பிக் கொடுத்த பணத்தைப் புகழ்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மணலைப் பற்றிப் பேசினால் மேடையில் உட்கார்ந்திருக்கும் சிலருக்கு வியர்க்கும்.

3. வறுமைக் கதை கேள்விகளுக்குத் தாழ்ப்பாள் போடுகிறது. கக்கனை எடுத்துக்கொள்வோம். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், மதுரையிலிருந்து முதல் மக்களவைக்குப் போனவர், 1957 முதல் பத்தாண்டுகள் மாநில அமைச்சர், அதில் 1963 அக்டோபர் முதல் 1967 மார்ச் வரை உள்துறை. ஊழல் தடுப்புக்கென்று தனி இயக்ககம் 1964இல் தமிழ்நாட்டில் உருவானது அவர் உள்துறை அமைச்சராக இருந்தபோதுதான். சொந்தக் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது தனிமனித ஒழுக்கம். அடுத்தவர் கையைச் சோதிக்க ஓர் அமைப்பு இருப்பது அரசின் ஒழுக்கம். இரண்டாவது நீடிக்கக் கூடியது, ஆனால் கக்கனைப் பற்றிய அஞ்சலிகளில் அது ஒரு வரிகூடப் பெறுவது அபூர்வம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது காவல்துறை பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாணவர்களும் பொதுமக்களும் இறந்தார்கள். அப்போதும் உள்துறை கக்கனிடம்தான் இருந்தது. முதலமைச்சர் பக்தவத்சலத்தோடு அவர் எங்கே ஒத்துப்போனார், எங்கே முரண்பட்டார், ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்த ஒருவர் கையில் காவல்துறையின் கடிவாளம் உண்மையில் எந்த அளவுக்கு இருந்தது, விலகியிருக்க வேண்டுமா, விலகியிருந்தால் என்ன மாறியிருக்கும்? ஓர் அறவாழ்வைத் திரும்பிப் பார்ப்பது என்றால் இந்தக் கேள்விகளின் முன் நிற்பது. பொது வார்டுப் படுக்கையைக் காட்டி நாம் இவற்றைக் கேட்காமலேயே விடுகிறோம். வேறொருவரைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். அவரை அங்கே கண்டு அதிர்ந்தார் என்ற காட்சியில் கக்கன் பேசுவதில்லை, முடிவெடுப்பதில்லை; பரிதாபத்துக்குரிய ஒரு நோயாளியாகப் படுத்திருக்கிறார். பத்தாண்டு அரசு நடத்திய ஒருவரை இப்படிச் சுருக்கியதை மரியாதை என்று எப்படிச் சொல்வது? அவருடைய நேர்மையில் எனக்கு ஐயமில்லை. அந்த நேர்மை கடினமான சூழலில் எப்படி இயங்கியது, எங்கே தடுக்கியது என்று கேட்கும் உரிமையை அவருடைய வறுமை பறித்துக்கொள்ளக் கூடாது.

4. துறப்பதற்கு முதலில் இருக்க வேண்டும். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை கதராடைக்கு மாறினால் அது துறவு. மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில், தலைமுறை தலைமுறையாக நிலமும் கோயிலும் மறுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த கக்கன் வறுமையிலேயே முடிந்தார் என்றால் அவர் எதைத் துறந்தார்? அவருக்கு மறுக்கப்பட்டது கடைசிவரை மறுக்கப்பட்டது என்றுதானே பொருள்? அமைச்சர் சம்பளத்தில் ஒரு சிறு வீடு கட்டியிருந்தால், நாலு ஏக்கர் நன்செய் வாங்கியிருந்தால், நம்முடைய அஞ்சலிக்காரர்களின் கணக்கில் அவர் சற்றுக் கீழே இறங்கியிருப்பார். உயர்ந்த சாதியில் பிறந்த தலைவர்களின் பரம்பரை வீட்டை நாம் நினைவிடமாக்குகிறோம், ‘எவ்வளவு இருந்தும் எப்படி வாழ்ந்தார்’ என்கிறோம். ஒடுக்கப்பட்டவரிடம் ‘ஒன்றுமே இல்லாமல் எப்படிச் செத்தார்’ என்கிறோம். ஒருவருக்கு உடைமை பின்னணி, இன்னொருவருக்கு உடைமை குற்றம். இது அறத்தின் அளவுகோலாகத் தெரியவில்லை. பழைய சாதி வழக்கம் அஞ்சலி உரையில் வந்து உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரிகிறது.

5. அடுப்பு யார் சம்பளத்தில் எரிந்தது? இதை யாரும் கேட்பதில்லை. கட்சியின் முழுநேர ஊழியராக வாழ்ந்த நல்லகண்ணுவின் வீட்டில் அவருடைய மனைவி ரஞ்சிதம் பள்ளி ஆசிரியை. எளிமை என்று மேடையில் புகழப்படும் பலருடைய வீடுகளில் ஒரு பெண்ணின் மாதச் சம்பளமோ நகையோ தையல் எந்திரமோ பின்னால் நின்றிருக்கும். விருதுநகரில் தாய் சிவகாமியின் வீட்டுக்குத் தனியாகப் போடப்பட்ட குடிநீர்க் குழாயைக் காமராஜர் அகற்றச் சொன்னார் என்ற கதையை நாம் சிலிர்த்துச் சொல்கிறோம். கதையின் நீதி நியாயமானதுதான். ஊருக்கு இல்லாதது முதலமைச்சரின் தாய்க்கு மட்டும் வேண்டாம். ஆனால் மறுநாள் தெருக்குழாயில் போய் நின்றது யார்? மகனுக்குப் புகழ் சேர்ந்தது, குடம் தாயின் இடுப்பில் ஏறியது. தலைவரின் மதிப்பீடுகளுக்கான விலையை அவர் மட்டும் கொடுத்ததாகக் கணக்கெழுதுவது கணக்குப் பிழை.

6. இந்தக் கதையை நம்பினால் நாளை யார் வருவார்கள்? நேர்மையின் முடிவு பொது வார்டு என்று ஐம்பதாண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, நேர்மையாக இருக்க நினைக்கும் சாதாரணக் குடும்பத்துப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையைக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். ‘பிழைக்கத் தெரியாத மனுஷன்’ என்ற வசையும் ‘ஒன்றும் சேர்க்காத உத்தமர்’ என்ற புகழும் சொல்லும் தகவல் ஒன்றே; குரல்தான் வேறு. வயிற்றுக்கும் வாடகைக்கும் கவலையுள்ளவர்கள் ஒதுங்கிக்கொண்டால் மிஞ்சுவது இரண்டு வகை: ஏற்கெனவே பணம் உள்ளவர்கள், இனிமேல் பண்ண வருகிறவர்கள். இங்கிலாந்துத் தொழிலாளர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். 1838இல் வெளியான மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளில் ஒன்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்பது. சம்பளமில்லாத பதவி நேர்மையைக் காக்கும் என்று நிலப்பிரபுக்கள் சொல்லலாம், உழைத்துச் சாப்பிடுகிறவர் அந்தப் பதவிக்கே வர முடியாது என்பது சாசனக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆண்டுக்கு 400 பவுண்டு என்று அந்தச் சம்பளம் வர 1911 ஆயிற்று. பொதுவாழ்வில் நேர்மையாக இருப்பவருக்கு முதுமையில் கூரையும் மருந்தும் உறுதியாக இருப்பதுதான் நல்ல அரசின் அடையாளம். இல்லாமல் போனால் அது வெட்கப்பட வேண்டிய நிர்வாகத் தோல்வி. நாமோ அதைக் காவியமாக்கி ரசிக்கிறோம்.

2019இல் நடந்ததும் இதன் தொடர்ச்சியே. சென்னை சி.ஐ.டி. நகரில் அரசுக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னபோது அங்கே இருந்தவர்களில் நல்லகண்ணுவும் கக்கனின் குடும்பத்தினரும் உண்டு. எளிமையான தலைவருக்கு இந்த நிலையா என்று ஊரே கொதித்தது. மாற்று வீடின்றி யாரையும் வெளியேற்றலாமா என்ற கேள்வி அந்தக் கொதிப்பில் எழவில்லை. வாழ்நாள் முழுதும் குடியிருப்போரின் உரிமைக்கும் நிலமற்றோரின் உரிமைக்கும் நின்ற இயக்கத்தைச் சேர்ந்தவருக்கு நாம் கேட்டது சலுகை.

இனி மறுமொழிகள். எளிமையே ஓர் அரசியல், காந்தி அதைத்தானே செய்தார் என்பார்கள். சரி, காந்தியையே பார்ப்போம். 1921 செப்டம்பரில் மதுரையில் அவர் அரையாடைக்கு மாறியதற்கு ஒரு நோக்கம் இருந்தது: அந்நியத் துணியை எறியச் சொன்னால் மாற்றுத் துணிக்கு ஏழை எங்கே போவான் என்ற கேள்விக்குத் தம் உடம்பால் பதில் சொன்னார். தம் நேர்மைக்குச் சாட்சியாக அந்த ஆடையை அவர் நீட்டவில்லை. அதற்கு அவர் நீட்டியது கணக்குப் புத்தகத்தை. தென்னாப்பிரிக்கா நாளிலிருந்து பொதுப் பணத்துக்குப் பைசா சுத்தமாகக் கணக்கு வைப்பதில் அவர் காட்டிய பிடிவாதம் உடனிருந்தவர்களைச் சலிப்படையச் செய்யுமளவு இருந்தது. நாம் ஆடையை எடுத்துக்கொண்டு கணக்குப் புத்தகத்தை விட்டுவிட்டோம்.

ஊழல் பெருத்த காலத்தில் சொத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது என்ற கேள்வி கூர்மையானது. பாருங்கள், ஆனால் உயிரோடிருக்கும்போது பாருங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வேட்பாளர்கள் சொத்துக் கணக்கைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பது 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு முந்தைய பத்திரத்தையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க அதிக நேரம் ஆகாது. அதைச் செய்யாதவர்கள்தாம் செத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்து உருகுகிறார்கள்.

நல்லவரைத் தோற்கடித்த பாவிகள் நாம் என்ற புலம்பலும் இந்தப் பார்வையின் கிளைதான். 1967இல் விருதுநகரில் காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அன்றைய வாக்காளருக்கு முன்னால் அரிசித் தட்டுப்பாடு இருந்தது, மொழிப் பிரச்சினை இருந்தது, இருபதாண்டு ஆண்ட கட்சியின் மீது அலுப்பும் இருந்தது. அவர்கள் ஓர் அரசை மதிப்பிட்டார்கள். ஒருவருடைய ஒழுக்கத்துக்கு மார்க் போடவில்லை. அந்த முடிவைக் குறைசொல்லலாம், பாவம் என்று சொல்ல என்ன இருக்கிறது? தலைவர் ஏழை என்பதற்காகவே ஓட்டுப்போட வேண்டும் என்றால் மக்கள் எதற்காகத் தீர்மானிக்க வேண்டும்? 1969இல் இதே காமராஜரை நாகர்கோவில் இடைத்தேர்தலில் மக்கள் மக்களவைக்கு அனுப்பினார்கள். அவருடைய சட்டைகளின் எண்ணிக்கை இரண்டாண்டில் மாறியிருக்காது.

எதை வைத்துத்தான் அளப்பது என்றால், கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் வாழ்வை ஒருமுறை பார்த்துவிடலாம். 1926இல் நிலமற்ற ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்து, அந்தச் சமூகத்துப் பெண்கள் பட்டம் பெறுவது அரிதான காலத்தில் பட்டம் பெற்று, வினோபாவின் பூதான இயக்கத்தில் நடந்தவர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்ட பிறகு அவரும் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்குப் போனார்கள். 1981இல் உழுபவர்க்கு நிலம் சேர்க்க லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். நில உடைமையாளர்களோடு பேரம் பேசி, வங்கிக் கடனும் அரசுத் திட்டமும் பிடித்து, ஏறக்குறைய 13,000 குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் அளவில், பெண்கள் பெயரில், நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். கடலோரத்து இறால் பண்ணைகளுக்கு எதிராக ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவர்களும் எளிமையாகத்தான் வாழ்ந்தார்கள், அதைச் சொல்லிப் புகழவும் ஆள் உண்டு. ஆனால் வறுமையை வாழ்நாளெல்லாம் எதிரியாகப் பார்த்தவர் கிருஷ்ணம்மாள். அவருடைய அறம் அடுத்தவரை உடைமையாளர் ஆக்கியது. கணக்கெடுக்க விரும்புகிறவர்கள் நாகப்பட்டினம், திருவாரூர் வட்டாட்சியர் அலுவலகங்களின் பட்டாப் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். அந்த ஏக்கர்களில் எத்தனை இன்னும் வாங்கிய பெண்களிடமோ அவர்கள் பிள்ளைகளிடமோ இருக்கின்றன, உப்புநீர் ஏறிய வயலில் ஒரு ஏக்கர் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டதா, விலை கொடுத்து வாங்கியதால் நிலவுடைமையாளர்கள்தாம் லாபமடைந்தார்களா, உச்சவரம்புச் சட்டத்தைக் கொண்டே எடுத்திருக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்ள ஆளிருக்கும், பதில் சொல்லவும் ஆளிருக்கும்.